நத்தை முத்திரை மடக்குக் கத்தி

ஒரு கத்தி நல்ல கத்தியா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம்? கட்டைவிரலை வைத்துக் கூர் பார்ப்பீர்கள், ஒரு தக்காளியை அறுத்துப் பார்ப்பீர்கள், அவ்வளவுதானே? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், இதோ இந்தக் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, குழம்பு சாய்ந்துவிட்டதா என்று பைக்குள் கையை விட்டு, சோற்று டப்பாவுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவில் என் விரல் அதைத் தொடும் வரைக்கும். தொட்டதும் தெரிந்துவிட்டது. சொரசொரப்பான கைப்பிடி, வளைந்த கிளிப், அதன் மேல் நகத்தால் நெருடினால் தட்டுப்படும் சின்ன நத்தை முத்திரை. ஆறு மாதமாக இருட்டில் தொட்டுத் தொட்டுப் பழகின சாமான், கண் வேண்டியதில்லை. வெடுக்கென்று கையை எடுத்துவிட்டேன், என்னவோ பைக்குள் பாம்பு இருப்பது மாதிரி. இது இங்கே எப்படி வந்தது? இது பாப்பாவின் மெத்தைக்கு அடியில் அல்லவா இருக்க வேண்டும். பஸ் இப்போதுதான் ஏரிக்கரையில் திரும்புகிறது. இன்னும் நாற்பது நிமிஷத்தில் கம்பெனி கேட். ஆறு மாதப் பிரசவ லீவு முடிந்து இன்றைக்குத்தான் முதல் நாள், முதல் நாளே பையில் கத்தி. சபாஷ் அம்சவேணி. கேட்டில் செக்யூரிட்டி அக்கா ஒவ்வொரு பையாகத் திறந்து பார்ப்பாள், டப்பா மூடியைக்கூடத் திறக்கச் சொல்வாள். இது ஷூ தைக்கிற கம்பெனி, வெளியிலிருந்து ஒரு பிளேடுத் துண்டு உள்ளே போகக் கூடாது. போன வருஷம் எங்கள் தையல் லைனில் ஒருத்தி நகம் வெட்ட வைத்திருந்த பாதி பிளேடுக்காக ஒரு மாதம் வெளியே நின்றாள். நாங்கள் தைக்கும் இடத்தில் நூல் வெட்டுகிற கத்தரிக்கே நம்பர் போட்டுக் கயிற்றால் மேஜையோடு கட்டி வைத்திருப்பார்கள், கன்றுக்குட்டியைக் கட்டினது போல. ஊசி ஒடிந்தால் எல்லாத் துண்டையும் தரையில் தேடி எடுத்துத் தாளில் ஒட்டிக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த ஊசி. வெள்ளைக்காரக் குழந்தையின் ஷூவுக்குள் ஊசி முனை போய்விடக் கூடாதாம். நியாயம்தான். குழந்தை என்றால் எல்லாம் குழந்தைதான். ஆனால் என் குழந்தை இப்போது எதன் மேல் படுத்திருக்கிறது? அதுதானே கேள்வி, அதை விட்டுவிட்டு நான் ஊசியைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறேன். தூக்கம் கெட்டால் மூளை இப்படித்தான், ஒன்றைத் தேடப் போய் இன்னொன்றை எடுத்துக்கொண்டு வரும்.

முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கே விளங்கும். பாப்பா பிறந்து பதினோராம் நாள் நான் அம்மா வீட்டிலிருந்து வந்ததும் அத்தை, என் மாமியார் பச்சையம்மாள், மெத்தைக்கு அடியில் அரிவாளைக் கொண்டுவந்து வைத்தார். கதிர் அறுக்கிற கருக்கரிவாள், பல் பல்லாக. எங்கள் பக்கம் அப்படித்தான், பச்சைக் குழந்தை படுக்கிற இடத்தில் இரும்பு இருக்க வேண்டும், காத்து கருப்பு அண்டாது. பிள்ளை பெற்றவள் தோட்டத்துப் பக்கம் ஒதுங்கப் போனாலும் கையில் ஒரு இரும்பு இருக்க வேண்டும். எனக்கு நம்பிக்கை உண்டா என்று கேட்காதீர்கள். பன்னிரண்டாவது வரைக்கும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான், அறிவியலில் தொண்ணூற்றொன்று. ஆனால் பெற்ற வயிற்றுக்கு மார்க் ஷீட் தெரியாது. இரும்பு வேண்டாம் என்று சொல்லத் தைரியம் வரவில்லை, அரிவாளின் பக்கத்தில் குழந்தையைப் படுக்கப்போடவும் தைரியம் வரவில்லை. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரரிடம் போனில் அழுதேன். ஏழுமலை, அவர் பேர், எதற்கும் சட்டென்று பதில் சொல்லமாட்டார். பத்து நாள் கழித்து அவருடைய சிநேகிதர் ஒருவர் ஊருக்கு வந்தபோது கையில் ஒரு கருப்புப் பெட்டி. பெட்டிக்குள் பஞ்சணை, பஞ்சணைக்குள் இந்த மடக்குக் கத்தி. மடக்கினால் என் நடுவிரலைவிடக் கொஞ்சம் நீளம். அந்த மனுஷன் பெட்டியிலிருந்து எடுத்து அத்தையிடம் நீட்டினார். அத்தை கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "கீழ வைப்பா. கத்திய கையில குடுத்தா குடுத்தவனுக்கும் வாங்கினவளுக்கும் பகை. நீ வை, நான் எடுத்துக்கறேன்." அவர் வைத்தார், இவர் எடுத்தார். எடுத்து முன்னும் பின்னும் திருப்பி, "இது இரும்பா?" என்றார். நான் பழைய ரேடியோவில் இருந்த காந்தத்தை எடுத்துவந்து ஒட்டிக் காட்டினேன். டப்பென்று ஒட்டியது. அத்தை கத்தியை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார். "ஒட்டுது, சரி. ஆனா துருவே புடிக்காத இரும்புக்குப் பேய் பயப்படுமா?" சிரிக்காமல்தான் கேட்டார். நான்தான் சிரித்துத் தையல் போட்ட இடத்தில் வலி வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு அரிவாள் தாழ்வாரத்து ஆணிக்குப் போனது. அத்தை அதைத் தொங்கவிடும்போது சொன்னார், "இது எங்கயும் போவாது. அது இல்லாத அன்னிக்கு இது இருக்கு." அந்த வார்த்தைதான் இப்போது காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அது இல்லாத அன்னிக்கு இது இருக்கு. அது இப்போது இங்கே இருக்கிறது, என் பையில்.

வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்தால் பாப்பாவைப் பார்த்துவிட்டு அடுத்த கேள்வி இதுதான், "கத்தி எப்படி இருக்கு?" அவர்களுடைய பட்டறையில் தினம் இடுப்பில் கத்தி வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்களாம், எந்தக் கம்பெனி கத்தி தினப்படி வைத்துக்கொள்ள லாயக்கு என்று மணிக்கணக்கில் பேசுவார்களாம், போனில் படம் பார்ப்பார்களாம். இந்த நத்தை முத்திரையை நாலு பேர் புகழ்ந்தார்களாம், ஒருத்தர் வீண் பகட்டு என்றாராம், "நீ வெச்சிருந்து பாத்து சொல்லு" என்றார் என் வீட்டுக்காரர் என்னிடம். நான் என்ன சொல்வேன்? கிட்டத்தட்ட ஆறு மாதம் வைத்திருந்தேன். பால் பாக்கெட் முனை வெட்டினேன், ரேஷன் அரிசி மூட்டையின் சணல் அறுத்தேன், மாங்காய் கீறினேன், கொடிக்கயிறு அறுத்தேன், பாப்பாவின் சட்டையில் கழுத்தை அறுத்துக்கொண்டிருந்த லேபிளைத் துண்டாக எடுத்தேன். கூர் இன்னும் போகவில்லை. தேங்காய்க்கு ஆகாது, பூசணிக்கு ஆகாது, அலகு மெல்லிசு. மடிக்கிற இடத்தில் மாவும் மண்ணும் சேரும், பல் குச்சியால் நோண்ட வேண்டும். கிளிப் புடவைக் கொசுவத்தைக் கிழிக்கும், இரண்டு புடவை போச்சு, நைட்டிக்கு உதவவே உதவாது. ஆனால் ஒன்று. அலகில் ஒரு ஓட்டை இருக்கிறது, கட்டைவிரலை அதில் வைத்துத் தள்ளினால் டக்கென்று திறக்கும், உள்ளே இருக்கும் தகட்டை அழுத்தினால் மடங்கும். எல்லாம் ஒரே கையால். இடது இடுப்பில் பிள்ளை, வலது கையால் கத்தி. இதைச் செய்தவன் கப்பல்காரனை நினைத்துச் செய்தானோ, சிப்பாயை நினைத்துச் செய்தானோ, இடுப்பில் பிள்ளை இருக்கிறவளுக்குத்தான் இது பொருந்தியது. இதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைப்பேன், அதற்குள் பாப்பா போனைப் பிடுங்கும். பிடுங்கி வாயில் வைக்கும். எல்லாம் வாயில்தான். சீப்பு, என் தாலிக்கயிறு, பவுடர் டப்பா மூடி. வாயில். ஐயோ, அதை நினைக்க வேண்டாம். கல்குவாரி வந்துவிட்டது, பவித்ரா இங்கேதான் ஏறுவாள்.

பவித்ரா ஏறினாள். என் லைனில் பக்கத்து மிஷின்காரி, வாய் நிற்காது. "இன்னாக்கா, பொம்பளப் புள்ளய பெத்துட்டு ஆளே மாறிட்டே. கண்ணுக்குக் கீழ ரெண்டு பை தொங்குது, அதையும் செக் பண்ணுவாங்க கேட்ல" என்று இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நானும் சும்மா விடவில்லை, "உன் வாயையும் ஒரு டப்பால போட்டு மூடித்தான் உள்ள விடுவாங்களாம், புது ரூல்" என்றேன். சிரித்தோம். சிரிக்கும்போதே மார் கனத்து ஒரு பக்கம் கசிந்தது. ஐந்தேகாலுக்குக் கொடுத்தது, அடுத்த பால் எட்டு மணிக்கு, அப்போது நான் ஷூவின் குதிகால் துண்டைத் தைத்துக்கொண்டிருப்பேன். உள்ளே மடித்து வைத்திருக்கும் கைக்குட்டை நனைவது தெரிகிறது. உடம்புக்கு மணி தெரியும், எனக்குத்தான் எதுவும் தெரியவில்லை. பஸ் குலுங்குகிற குலுங்கலில் தலை ஜன்னல் கம்பியில் போய் முட்டுகிறது, கம்பி சில்லென்று இருக்கிறது, அப்படியே அதில் சாய்ந்துகொண்டு இரண்டு வருஷம் தூங்கலாம் போலிருக்கிறது. பவித்ராவிடம் சொல்லலாமா? சொன்னால் பின்சீட்டு வரை போகும், கேட்டுக்கு முன்னால் சேதி போய் நிற்கும். ஜன்னல் வழியாகப் போட்டுவிடலாமா? யாராவது குழந்தை எடுத்துத் திறந்தால்? அப்புறம் ஞாயிற்றுக்கிழமை "கத்தி எப்படி இருக்கு?" என்று கேட்பாரே, என்ன சொல்வேன், ஏரிக்கரையில் நன்றாக இருக்கிறது என்றா? கேட்டுக்கு எதிரே புங்கமரம் இருக்கிறது, அதனடியில் புதைக்கலாம், நாலு நாய் பார்த்துக்கொண்டிருக்கும். டீக்கடையில் கொடுக்கலாம், அந்த ஆள் நாளைக்கே கண்ணாடிப் பெட்டியில் வைத்து எல்லாருக்கும் காட்டுவான். சரி, கத்தியை விடு. கத்தி கேட்டில் மாட்டினால் வேலை போகும், அவ்வளவுதான். வேலை போனால் இன்னொரு வேலை. மெத்தைக்கு அடியில் என்ன இருக்கிறது? அதைக் கேள். ஏன் கேட்கமாட்டேன் என்கிறாய்? போன் கையில்தானே இருக்கிறது. கேட் வரைக்கும்தான் போன், அப்புறம் அதுவும் பெட்டிக்குள் போய்விடும், சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் வெளியே வரும்.

போனை எடுத்தேன், வைத்தேன். எடுத்தேன், மணி பார்த்தேன், வைத்தேன். பயமாக இருக்கிறது. காலையில் நடந்ததை நான் அத்தையிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை. ஐந்து மணிக்கு உலை வைத்துவிட்டு வந்து பார்த்தால் பாப்பா குப்புற விழுந்து, ஒரு கையை மெத்தைக்கு அடியில் விட்டிருந்தது. புரள ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது, ஆனால் கையை விட்டு எடுப்பது நேற்று வரைக்கும் தெரியாது. என்ன எடுத்தாய் தங்கம் என்று குனிந்தேன். கத்தி. இரண்டு கையாலும் பிடித்துக் கிளிப்பை வாயில் வைத்து ஈறால் கடித்துக்கொண்டிருந்தது. எச்சில் கைப்பிடி முழுக்க வழிகிறது. அந்தக் குட்டிக் கட்டைவிரல் அலகின் ஓட்டைக்குள் இருந்தது. சரியாக அந்த ஓட்டைக்குள். பாய்ந்தேன். பிடுங்கினேன். பிள்ளை கத்திற்று, மாரில் போட்டு அடக்கினேன். கத்தி திறக்கவில்லை. ஈரக் கை வழுக்கினாலும், அத்தனை சின்ன விரல் எத்தனை தள்ளினாலும், திறக்கவில்லை. இதுதான் நான் சொல்ல வந்தது. தக்காளியை அறுத்துப் பார்த்தா கத்தியைக் கண்டுபிடிப்பது? திறக்கக் கூடாத நேரத்தில் திறக்காமல் இருந்ததே, அதற்கு எத்தனை மார்க் போடுவது? ஆனால் நாளைக்கு விரலில் பலம் வரும், நாளை மறுநாள் இன்னும் வரும். பிடுங்கினேன், சரி, பிடுங்கி எங்கே வைத்தேன்? துடைத்தேனா? பாவாடையில் துடைத்த ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் ஞாபகத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. உலை பொங்கியது, பருப்பு, தலை வாரினேன், பஸ். பையில் போட்டேனா? ஆறு மாதமாக வெளியே கால் வைத்தால் இரும்பு எடுத்துக்கொண்டு பழகின கை, தானாகப் போட்டிருக்கும். அல்லது கைக்குத் தெரிந்தே போட்டதா, பிள்ளையிடமிருந்து தூரமாகப் போகட்டும் என்று? அப்படியானால் அங்கே இரும்பு இல்லாமல் விட்டுவிட்டு வந்தவளும் நான்தானே. அத்தை மெத்தையைத் தட்டிப் போடுவார், ஏழு மணிக்குள் தட்டிப் போடுவார். அடியில் ஒன்றும் இருக்காது. அது இல்லாத அன்னிக்கு இது இருக்கு. தாழ்வாரத்து ஆணி. பல் பல்லாக. பாப்பா குப்புற விழும், கையை விடும். நான் குதிகால் துண்டு தைத்துக்கொண்டிருப்பேன். கேட்டுவிடு, கேட்டால் என்ன? கேட்டால், காலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சொன்னால், "புள்ளைக்கு ஒரு வருஷம் ஆவட்டும்னு நான் சொன்னனே, எறங்கி திரும்பி வா" என்பார். திரும்பிப் போனால் வேலை இல்லை. கேட்காவிட்டால், கேட்காத வரைக்கும் அரிவாள் ஆணியில்தான் இருக்கிறது. அப்படியும் ஒரு புத்தி. தொண்ணூற்றொன்று மார்க் புத்தி.

இரண்டு ரோடு சேருகிற கூட்ரோடு தாண்டியது. இனிப் பத்து நிமிஷம். போன் போட்டுவிட்டேன். மணி அடிக்கிறது, அடிக்கிறது, அத்தை அடுப்படியிலிருந்து வர வேண்டும். "இன்னா அம்சா, போய் சேந்துட்டியா?" "இல்ல அத்த, கூட்ரோட்ல. பாப்பா?" "தூங்குது. இன்னா குரல் ஒரு மாதிரி கெடக்கு?" "அத்த, அந்தக் கத்தி..." "பையிலதான் இருக்கு, பாரு, சோத்து டப்பா பக்கத்துல." எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்களா போட்டீங்க?" "பின்ன? நீ அத ஜன்னல் மேடைல வெச்சிட்டு மறந்துட்டு உலைய பாக்க ஓடிட்டே. பால் குடுக்கிறவ ஏரிக்கரை தாண்டி தனியா போறே, கையில ஒண்ணு வேணாமா? நான்தான் எடுத்துப் போட்டேன்." பஸ் சத்தத்தில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். கேட்டுவிட்டேன், "அப்ப பாப்பாவுக்கு அடியில? அரிவாள வெச்சிட்டீங்களா?" அத்தை குரல் ஏறியது. "உனக்கு இன்னா புத்தி கித்தி கெட்டுப்போச்சா? பொரள்ற புள்ளைக்கு அரிவாள வெப்பாங்களா? மாட்டுக்கொட்டாய் பூட்ட வெச்சிருக்கேன். பழைய பூட்டு, அர கிலோ இருக்கும், வாயில போவாது, கூரு கெடையாது, இரும்புக்கு இரும்பு." "சாவி?" என்றேன், சட்டென்று. "அதுல சாவி தொங்கிக்கினு இருக்குமே அத்த!" "சாவி என் முந்தானைல முடிஞ்சி கெடக்கு. நீ ஒருத்திதான் புள்ள பெத்தவளா?" நான் மூக்கை உறிஞ்சினேன், பவித்ரா திரும்பிப் பார்த்தாள். அத்தை குரலைத் தாழ்த்தினார். "புள்ள வாயிலேர்ந்து நீ அத புடுங்கினத பாத்துக்கினுதான் நின்னேன். நீயா சொல்லுவேன்னு பாத்தேன். சொல்லல." "சொன்னா வேலைக்கிப் போவாதேன்னுவீங்க." "சொல்லியிருப்பேன்தான்," என்றார் அத்தை, "அதான் நானும் கேக்கல." அப்புறம், "கத்திய எறிஞ்சிடாத, நல்ல கத்தி அது" என்றார். "உள்ள விடமாட்டாங்க அத்த." "ஏன், அங்க ஒருத்தரும் வெண்டக்கா நறுக்க மாட்டாங்களா?" சிரிப்பும் வந்தது, பாலும் வந்தது, இரண்டு கைக்குட்டையும் போதவில்லை. புள்ள எழுந்துகொண்டது என்று அவர் போனை வைத்துவிட்டார். எட்டு மணிக்கு என்ன செய்வார், பீச்சி வைத்த பாலைச் சங்கில் ஊற்றுவார், அது துப்பும், பிறகு குடிக்கும். குடித்துவிடும். எல்லாக் குழந்தையும் குடித்துவிடும்.

மெத்தை போயிற்று, பை மிச்சம். ஒரு பயம் இறங்கினால் அடுத்தது அந்த இடத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது, இந்தக் கம்பெனி பஸ் சீட்டு மாதிரி. கேட்டு தெரிகிறது. நீல யூனிபாரமும் நீள வரிசையும், கையில் கோல் மாதிரி மிஷினோடு செக்யூரிட்டி அக்கா. எல்லாரும் எழுந்துவிட்டார்கள், நான் பையை மடியோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். பவித்ரா "வாக்கா, லேட்டு" என்றாள். "நீ போடி, செருப்பு வார் மாட்டிக்கிச்சி" என்றேன். கடைசி ஆளும் இறங்கின பிறகு டிரைவர் தணிகாசலம் அண்ணன் கண்ணாடியில் பார்த்து, "இன்னாம்மா, எறங்கற யோசனை இல்லியா? மறுபடி ஊருக்கே கொண்டுபோய் உடட்டுமா?" என்றார். அவர் வண்டியைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட டிரிப் அடித்துவிட்டுச் சாயங்காலம் ஐந்தரைக்கு இதே இடத்துக்கு வருவார், ஏழு வருஷமாக ஒரு நாள் தவறினது இல்லை. அந்த ஆளை நான் நாற்பது நிமிஷமும் முதுகுப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டே வந்திருக்கிறேன், புங்கமரம் தோன்றியது, டீக்கடை தோன்றியது, இவர் தோன்றவில்லை. பையிலிருந்து எடுத்தேன். அண்ணன் கண் விரிந்தது. "தே, இன்னா சாமான் இது? யார கொல்லப் போற?" "கொழந்தைக்கு வெச்சதுண்ணே, சாயங்காலம் வரைக்கும் வண்டில வெச்சிருங்க" என்றேன். அவருக்கும் பேரன் பேத்தி உண்டு போல, அதைப் பற்றி மேற்கொண்டு கேட்கவில்லை. "வாங்கி எத்தினி நாளாச்சி? தெனம் வெச்சிக்க லாயக்குப்படுமா?" என்றார், கண்ணைக் கத்தியிலிருந்து எடுக்காமல். எனக்கு ஞாயிற்றுக்கிழமை பதில் அப்போதுதான் தயாரானது. "லாயக்குதான்ணே, புடவையை மட்டும் கிழிக்கும். தேங்கா கீங்கா வெட்டிடாதீங்க" என்றேன். அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து, "சரி குடு" என்று உள்ளங்கையை நீட்டினார். கேட்டில் விசில் ஊதினார்கள். நான் அவர் கையைத் தாண்டி, சாமி படத்துக்குக் கீழே வாடின சாமந்திக்குப் பக்கத்தில் கத்தியை வைத்தேன். "கையில வாங்காதீங்கண்ணே, நான் இங்க வெக்கிறேன், நீங்க எடுத்துக்குங்க. சாயங்காலம் நான் புள்ளைய பாக்கற அவசரத்துல கைய நீட்டினாலும் நீட்டுவேன், குடுத்துடாதீங்க. இங்கயே வெச்சிடுங்கண்ணே, நானே எடுத்துக்கறேன்."